பழைய பேப்பர் படத்தில் நம் வீட்டு ஆட்கள்: பார்த்த அனுபவம் உண்டா?

லஸ் பையன்:
1953 ஏப்ரலில் மெட்ராஸில் டிராம் சேவை நின்றபோது பேப்பரில் வந்த படங்கள் தெரியும்தானே, அதில் ஒன்று பாட்டியின் டிரங்குப் பெட்டி அடியில் இருந்தது. தாத்தா கண்டக்டர். பின்படியில் தோல் பையோடு நிற்பவர் அவர்தான் என்று பாட்டி சாதித்தாள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முகம் இருந்த இடத்தில் வெறும் கறுப்புப் புள்ளிகள். மூக்கு எங்கே, மீசை எங்கே? பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி, "கண்ணாடிய எடுடா, தாத்தா போயிடுறார் பாரு" என்றாள். எடுத்தேன், ஆள் திரும்ப வந்துவிட்டார். இப்போது பாட்டியும் இல்லை. அவர்தானா என்று யாரைக் கேட்பது?

பழம்பேப்பர்:
தம்பி, தேதியை நம்பாதீர்கள். அந்தக் காலத்தில் ஒரு படம் போட வேண்டுமென்றால் பிளாக், அதாவது படம் அச்சடிக்கிற உலோகத் தகடு, எடுக்க வேண்டும், அதற்குத் தனிச் செலவு. எடுத்த பிளாக்கைப் பத்திரப்படுத்தி, வேறொரு செய்திக்கும் போட்டுவிடுவார்கள். உங்கள் டிராம் 1948-லேயே ஓடியதாக இருக்கலாம்.

என் கதை சின்னது. ரேஷன் கடைப் படம், 1955 வாக்கில். கீழே ‘அரிசிக்குக் காத்திருக்கும் மக்கள்’ என்று போட்டிருந்தது. அம்மாவிடம் காட்டினேன். சிரித்துவிட்டார். "எங்கடா மக்கள்? எல்லாம் பையும் கல்லும்தானே!" உற்றுப் பார்த்தால் நிஜம்தான். வரிசையில் பாதி இடத்தில் செங்கல், பித்தளைச் செம்பு, சுருட்டி வைத்த கோணிப்பை. ஆட்கள் இடம் போட்டுவிட்டு வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள். அத்தனை வருஷம் என் கண்ணில் அது படவே இல்லை.

சுண்ணாம்புக்கார சந்து:
ஐயா, தேதியை நம்பாதே என்று சொல்லிவிட்டு நீங்களே 1955 என்கிறீர்கள்! ராஜாஜி 1952-லேயே அரிசிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார். உங்கள் படம் அதற்கு முந்தையதாக இருக்கும்.

என்னிடமும் ஒன்று இருந்தது. மாமா கபடி ஆடும் படம். லேமினேஷன் கடையில் கொடுத்தேன், சூட்டில் சுருங்கிப் போயிற்று. அதனால் சொல்கிறேன், லேமினேட் செய்யாதீர்கள். செய்தித்தாள் மரக்கூழ்க் காகிதம். வெயிலும் காற்றும் பட்டால் மஞ்சளாகி, மடித்த இடத்தில் ஒடியும். பிரித்து, அமிலமில்லாத காகிதத்துக்கு நடுவில் தட்டையாக வையுங்கள். பீரோவில் பாச்சை உருண்டைக்குப் பக்கத்தில் வேண்டாம். ஸ்கேன் எடுத்தால் 600 டிபிஐ (ஸ்கேனரில் நுணுக்கத்துக்கான அளவு) வையுங்கள். குறைத்தால் அந்தப் புள்ளிகள் சேர்ந்து கோலம் மாதிரி அலையடிக்கும். பின்பக்கத்தையும் எடுங்கள். அங்கே விளம்பரம், சினிமாச் செய்தி ஏதாவது இருந்தால் வருஷம் பிடிபடும். முக்கியமாக, செலோடேப் ஒட்டவே கூடாது, அந்தப் பசை...

லஸ் பையன்:
பின்பக்கம் பார்த்தேன், தைல விளம்பரம், அதுவும் பாதிதான். செலோடேப் பாட்டியே ஒட்டிவிட்டாள் அண்ணா. சரியாகப் பின்படிக்குக் குறுக்கே. தாத்தாவின் தோள் வரை மஞ்சள் ஏறியிருக்கிறது.