புதுப்பிப்பு: வயலினில் இடது கட்டைவிரல் இறுக்கம்

கமகம் (ஸ்வரத்தை அசைத்து, வளைத்து வாசிப்பது) வரும்போதெல்லாம் கட்டைவிரல் வயலின் கழுத்தைக் கவ்விக்கொள்கிறது, மணிக்கட்டு வலிக்கிறது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வலி நன்றாகவே குறைந்துவிட்டது.

காரணம் கையில் இல்லை, உட்காரும் விதத்தில் இருந்தது! நம் கர்நாடக முறையில், தரையில் சம்மணமிட்டு வாசிக்கும்போது, வயலினின் சுருள் தலை வலது கணுக்காலருகே பாதத்தில் அமர வேண்டும். மறுமுனை இடது தோள், மார்புப் பக்கம் சாயும். பாதம் உள்ளே ஒடுங்கியிருந்ததால் வயலின் நழுவப் பார்த்தது, கட்டைவிரல் அதைத் தாங்கிக்கொண்டிருந்தது. பாதத்தைச் சற்று முன்னே நீட்டினேன். இப்போது இடது கையை முழுக்க எடுத்தாலும் வயலின் அசையாது. தினமும் சாதகத்துக்கு (பயிற்சிக்கு) முன் இதைச் சோதித்துக்கொள்கிறேன்.

அடுத்தது விரலழுத்தம். தந்தியை மெல்லத் தொட்டு, நாதம் தெளியும் வரை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திப் பாருங்கள். தேவைப்படும் பலம் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. பிறகு ஒரே தந்தியில் மத்திய ஸட்ஜத்திலிருந்து (நடு ஸ்தாயி 'ஸ') மேல் ஸட்ஜம் வரை நிதானமாக ஜாரு, அதாவது விரலை எடுக்காமல் வழுக்கிக்கொண்டு போவது. கட்டைவிரலும் கூடவே வழுக்கிப் போக வேண்டும்.

தோடி ராகத்தின் காந்தாரத்தில் ('க' ஸ்வரம்) மட்டும் இன்னும் இறுகுகிறது. அதை விளம்பத்தில் (மெதுவான வேகத்தில்) வாசித்து வருகிறேன். விரல் மரத்துப்போகிறவர்கள் மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.