பிளாக் ஃபிளாக்கிற்குப் பிறகு ரோக்கா, ஒடிஸியா?

மண்டபத்திலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். அசாசின்ஸ் கிரீட் வீடியோ விளையாட்டு வரிசையில் 2013-இல் வந்த பிளாக் ஃபிளாக்கை அண்மையில் முடித்தேன். வடகடலையும் தென்கடலையும் பார்த்து வளர்ந்தவன் என்பதால் அதன் கப்பற்சண்டை என்னை விடவே இல்லை. அடுத்து 2017-இன் ஆரிஜின்ஸைத் தொடங்கினேன். புதருக்குள் காத்திருந்து மறைகத்தியால் குத்திய காவலன் சாகாமல் திரும்பி என்னையே வெட்டினான். என் ஆட்டத்தில் பிழையா? கடல் வேண்டுமென்றால் அடுத்து எதை விளையாடலாம்?

கீழக்கரையிலிருந்து:
தம்பி, உங்கள் கையில் பிழையில்லை. பிளாக் ஃபிளாக்கில் எதிரி வாளை ஓங்கும் நொடியைக் கவனித்துத் தடுத்துத் திருப்பி அடித்தால், சூழ்ந்து நிற்பவர்களை அடுத்தடுத்துச் சாய்த்துவிடலாம். ஆரிஜின்ஸிலோ ஆயுதத்தின் நீளமும் நீங்கள் நிற்கும் தொலைவும் சேர்ந்தே அடி படுமா என்பதை முடிவு செய்கின்றன. ஈட்டி எட்டும் இடத்தில் வாள் எட்டாது. அதோடு லெவல் கணக்கும் நுழைந்துவிட்டதால், உங்களைவிட உயர்ந்த லெவலில் இருப்பவன் ஒரே குத்தில் விழமாட்டான். பதுங்கிக் காத்திருந்த பொறுமைக்கு அது மரியாதையில்லை என்பதே என் எண்ணம். பழைய ஒரே குத்து 2023-இன் மிராஜில் திரும்பியது. ஆனால் அதில் கப்பற்சண்டை கிடையாது.

தொண்டியிலிருந்து:
வாள் சண்டையைப் பற்றிக் கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொன்னது சரி. கடலுக்கு நான் இதே வரிசையின் ரோக்கையே சொல்வேன். 2014-இல் இவ்வரிசையின் இன்னொரு விளையாட்டான யூனிட்டி வெளியான அதே நாளில் வந்ததால் பலர் அதைக் கவனிக்கத் தவறிவிட்டார்கள்.

பிளாக் ஃபிளாக்கின் புயலில் சுவர்போல் ஓர் அலை எழுந்து வருமே, அப்போது அணியத்தை, அதாவது கப்பலின் முன்முனையை, அலைக்கு நேராகத் திருப்பி மாலுமிகளைக் குனியச் செய்தால் கப்பல் தப்பும்; பக்கத்தைக் காட்டினால் அடி வாங்கும். கச்சான் காற்றில் வத்தை ஓட்டிய என் தகப்பனார் "அலைக்கு விலாவைக் கொடுக்காதே" என்று சொல்லிக்கொண்டே சுக்கானைத் திருப்பியதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அதனால்தான் அந்த இடம் எனக்கு அவ்வளவு உண்மையாகப் படுகிறது.

ரோக்கில் அதே சுக்கான் பழக்கம் வட அட்லாண்டிக்கின் பனிக்கடலுக்குப் போகிறது. பனிப்பாறையைச் சுட்டு உடைத்தால் எழும் அலை அருகிலுள்ள எதிரிப் படகுகளைத் தாக்கும். குளிர்ந்த நீரில் நீந்தினால் உயிர் குறைந்துகொண்டே போகும். பிளாக் ஃபிளாக்கில் நாம்தான் பிறர் கப்பலில் ஏறுவோம். இதில் அவர்களும் நம் கப்பலில் ஏறுவார்கள்.

2018-இன் ஒடிஸி கி.மு. 431-இல் தொடங்குவதால் அதில் பீரங்கிக்கு இடமில்லை. அம்பும் எறியீட்டியும் எய்து, கப்பலைப் பலவீனப்படுத்தி, பிறகு வேகமெடுத்து அணியத்தால் மோதி இரண்டாகப் பிளப்பதே அங்கே முறை. அதுவும் சுவைதான். ஆனால் மோதும் நேரத்தைக் கணிக்கும் சுவை அது. அலையோடு போராடும் நிறைவு எனக்கு அதில் கிடைக்கவில்லை.

மண்டபத்திலிருந்து:
இருவருக்கும் நன்றி. நேற்றிரவு ரோக்கைத் தொடங்கினேன். பனிப்பாறையை மிக அருகிலிருந்து சுட்டுவிட்டு அலைக்கு விலாவைக் காட்டிக்கொண்டு நின்றேன், அண்ணா. இன்று அணியத்தைத் திருப்பிவிட்டுத்தான் சுடுவேன்.