மாப்பிள்ளை பார்க்கும்போது எதைக் கவனித்தீர்கள்? அனுபவம் சொல்லுங்கள்

சேலத்துக்காரி:
தட்டு மாற்றி மூன்று வாரம் ஆகியிருந்தது. இரண்டு வீட்டாருமாகச் சேர்வராயன் கோயிலுக்குப் போய்விட்டு ஏற்காட்டிலிருந்து இறங்குகிறோம், பெரியவர்கள் முன்னால் வேனில், நானும் அவரும் அவர் தங்கையும் அவருடைய காரில். போனில் அவ்வளவு பதவிசாகப் பேசின ஆள். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு, பாதிகூடத் தாண்டவில்லை, எதிரே பஸ் ஏறி வந்தது. மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும், இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவர் நடுவளைவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். "கொஞ்சம் பின்னாடி எடுங்க தம்பி" என்றுதான் டிரைவர் சொன்னார், எங்கப்பா வயசு இருக்கும். இவர் இறங்கிப் போய் அவரை வாடா போடா என்று, அவர் அம்மாவையும் சேர்த்து... இங்கே எழுத முடியாது.

அதைக்கூட ஆத்திரம் என்று விட்டிருப்பேன். பின்சீட்டிலிருந்த தங்கை, அண்ணன் கதவைத் திறந்ததுமே, போனிலிருந்து தலையைத் தூக்காமலே கண்ணாடியை ஏற்றிவிட்டாள். மழை வந்தால் ஜன்னல் சாத்துவோமே, அப்படி. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவர் திரும்பி வந்து சிரித்துக்கொண்டே "கீழ போய் டீ குடிக்கலாமா?" என்கிறார்!

வீட்டில் வேண்டாம் என்றேன். ஊர் என்ன சொல்லும், மண்டபத்து அட்வான்ஸ் என்ன ஆவது, எல்லாப் பாட்டும் கேட்டேன். அப்பா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அதனால் தங்கச்சிகளா, பையனையே பார்க்காதீர்கள், பெண் பார்க்க வருகிற அன்றைக்கு எல்லாரும் நல்லவர்தான். அவன் குரல் ஏறினால் அந்த வீட்டுப் பெண்கள் என்ன செய்கிறார்கள், அதைப் பாருங்கள்.

அம்மாப்பேட்டை மருமகள்:
என் வீட்டுக்காரர் குணத்தில் தங்கம். கடனைத்தான் யாரும் கேட்கவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை, வெள்ளி விலை ஏறி இறங்கினதில் ஏறின கடன், கல்யாணமாகி மூன்றாம் மாதமே என் 11 பவுனும் அடகுக் கடைக்குப் போய்விட்டது. கல்யாணத்துக்குப் பெண்ணுக்குப் போடுகிற நகை பெண்ணுக்கே சொந்தம், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் 14வது பிரிவிலேயே இருக்கிறதாம். இருந்து என்ன, புதுப்பெண் போய் யாரிடம் சட்டம் பேசுவது? சம்பளம் கேட்கிற வாயால் கடனையும் கேட்டுவிடுங்கள்.

சேலத்துக்காரி:
உண்மைதான் அக்கா. என்னைக் கட்டினவர் இரண்டாம் தடவை பார்த்தபோதே, தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொண்டே, சொசைட்டியில் 2 லட்சம் கடன் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். குறட்டையைத்தான் சொல்லவில்லை.