அண்ணனுக்கு டவுன் சிண்ட்ரோம்: என் கருவுக்கு அந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளலாமா?

கேள்வி – இளையவள்

எனக்கு வயது 31; இது 12ஆவது வாரம். கருவுக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும் வாய்ப்பைக் கணிக்க, என்.டி. ஸ்கேனும் (கருவின் பிடரியில் உள்ள நீரை அளப்பது) டபுள் மார்க்கர் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுமாறு மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். எல்லோருக்கும் எழுதுவதுதான். ஆனால் என் அண்ணனுக்கு டவுன் சிண்ட்ரோம், வயது 36. வாசலில் தாறுமாறாகக் கிடக்கும் செருப்புகளை ஜோடி சேர்த்து வைப்பது வீட்டில் அவர் தானே எடுத்துக்கொண்ட வேலை. நான் உண்டாகியிருப்பது தெரிந்த நாளிலிருந்து, பாப்பா செருப்பை எங்கே வைப்பது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"தெரிந்துகொள்வதில் என்ன தவறு?" என்கிறார் என் கணவர். தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறோம் என்பதை இருவருமே இன்னும் வாய்விட்டுப் பேசவில்லை. கருக்கலைப்பு பெண்ணின் உரிமை என்பதில் எனக்கு என்றுமே ஐயம் இருந்ததில்லை. ஆனால் அண்ணனைப் போன்ற குழந்தை என்பதற்காகவே கலைத்தால், அவர் பிறந்திருக்க வேண்டியதில்லை என்று நானே சொன்னதாகிவிடாதா?

பதில் 1 – மரபணு ஆலோசனைத் துறையில் இருப்பவர்

முதலில் அண்ணனின் குரோமோசோம் அறிக்கை வீட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் நூற்றில் ஏறத்தாழ 95 பேருக்கு 21ஆவது குரோமோசோம் முழுதாக ஒன்று கூடுதலாக இருக்கும். அண்ணனுக்கும் அப்படியென்றால் உங்களுக்கான வாய்ப்பு உங்கள் வயதுக்குரியதுதான். மூன்று நான்கு பேருக்கு மட்டும் அது வேறொரு குரோமோசோமுடன் ஒட்டியிருக்கும். அந்த வகை சில குடும்பங்களில் பெற்றோர் வழியே வருவதால், உங்கள் இரத்தத்தையும் பார்க்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று. டபுள் மார்க்கர் வாய்ப்பைக் கணிக்கிறதே தவிர குறைபாட்டை உறுதி செய்வதில்லை. 150இல் ஒன்று என்று வந்தால் "ஹை ரிஸ்க்" என்று அச்சிட்டிருப்பார்கள். அதன் பொருள், அதே முடிவு வந்த 150 பேரில் 149 பேரின் கருவுக்கு அது இல்லை என்பதே. தாயின் இரத்தத்தில் கலந்திருக்கும் கருவின் டி.என்.ஏ.வைப் பார்க்கும் என்.ஐ.பி.டி. பரிசோதனை இன்னும் துல்லியமானது என்றாலும் அதுவும் கணிப்புதான். உறுதி செய்ய நஞ்சுக்கொடித் திசுவையோ, 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரையோ எடுத்துச் சோதிக்க வேண்டும். கணிப்பு அறிக்கையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கலைக்கச் சொல்லி வந்தவர்களைப் பார்த்திருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பரிசோதனையே வேண்டாம் என்று மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

பதில் 2 – வழக்கறிஞர்

1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டத்தில் 2021இல் செய்த திருத்தத்தின்படி, கருவில் கணிசமான குறைபாடு இருப்பதாக மருத்துவக் குழு கண்டறிந்தால் 24 வார வரம்பு பொருந்தாது. ஆரோக்கியமான கருவுக்கு ஒரு காலம், குறையுள்ள கருவுக்கு வேறொரு காலம் என்று சட்டமே தரம் பிரிப்பது எனக்கு உறுத்தல்தான். 1994ஆம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தைப் பாருங்கள்: கருவின் குரோமோசோம் குறைபாட்டைக் கண்டறிய அனுமதிக்கும் அதே சட்டம், ஆணா பெண்ணா என்று சொல்வதைக் குற்றமாக்குகிறது.

கருக்கலைப்பு உரிமையை ஆதரித்தவரும் பார்வையற்றவருமான அமெரிக்க அறிஞர் ஏட்ரியன் ஆஷ் இதில் ஒரு வேறுபாட்டைக் காட்டினார்: இப்போது குழந்தையே வேண்டாம் என்பது ஒன்று, குழந்தை வேண்டும் ஆனால் இந்தக் குழந்தை வேண்டாம் என்பது இன்னொன்று. உங்கள் தயக்கம் இரண்டாவதைப் பற்றியது. ஆனாலும் அவரும் தடைச் சட்டம் கேட்கவில்லை, நானும் கேட்க மாட்டேன்.

பதில் 3 – 14 வயது மகளின் தாய்

என் மகளுக்கும் டவுன் சிண்ட்ரோம். பிறந்த ஒன்பதாம் மாதத்தில் அவளுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. சேர்க்க மறுத்த பள்ளிகளை எண்ணுவதை நான்காவதோடு விட்டுவிட்டேன். இன்று அவள் தோசை ஊற்றுகிறாள், வட்டமாக வராவிட்டால் அடுப்பைத் திட்டுகிறாள்.

எனக்குக் கருவிலேயே தெரிந்திருந்தால் கலைத்திருப்பேன். அன்று எனக்குச் சொல்லப்பட்டிருக்கக்கூடியது "இந்தக் குழந்தை எதற்கும் உதவாது" என்பது மட்டுமே. அதை நம்பி முடிவெடுத்திருக்கக்கூடிய அந்த 29 வயதுப் பெண்ணை என்னால் குற்றம் சொல்ல முடியவில்லை. ஆகவே பெற்றுக்கொள்ளுங்கள் என்று உங்களுக்கும் சொல்லமாட்டேன்.

எங்களைப் போன்ற பெற்றோர் கூடினால் பேச்சு கடைசியில் "நமக்குப் பிறகு யார்?" என்பதில்தான் வந்து நிற்கும். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி சட்டபூர்வப் பாதுகாவலரை நியமிக்கலாம். ஆனால் அந்த விண்ணப்பத்தில் ஒருவரின் பெயரை எழுத வேண்டுமே. உங்கள் வீட்டில் அந்தப் பெயர் நீங்கள்தான் என்று நினைக்கிறேன். அண்ணனை அவமதிப்பேனோ என்று கேட்கிறீர்கள். அவரையும் வைத்துக்கொண்டு இன்னொருவரையும் தாங்க முடியுமா என்பதும் அதற்குள் இருந்தால், அதைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். அண்ணனை வேண்டாம் என்பதும் உங்களால் இனி முடியாது என்பதும் ஒன்றல்ல.

இளையவள்

கடைசி பதிலைக் கணவரிடம் படித்துக் காட்டினேன், நெடுநேரம் எதுவும் பேசாமல் இருந்துவிட்டு, "அண்ணனுக்குப் பாதுகாவலர் என்றால் அதில் நானும்தானே?" என்று கேட்டார். அறிக்கை அம்மாவின் பீரோவில் இருக்கிறதாம்; ஞாயிற்றுக்கிழமை போகிறோம். அதைப் பார்த்த பிறகே ஸ்கேனுக்குத் தேதி வாங்குவதா என்று முடிவு செய்வோம்.