பட்டறை முதலாளிகளும் மாணவர்களும் சேர்ந்து சுற்றுச்சூழல் வேலை: பேரணி வேண்டாம், எங்கே தொடங்கலாம்?

காட்டன்_கால்வாய்_கரை கேட்டது:

வணக்கம். வியாசர்பாடி, கொடுங்கையூர், தண்டையார்பேட்டையில் பாலிடெக்னிக், இன்ஜினியரிங் படிக்கிற பன்னிரண்டு பேர் நாங்கள். இந்தப் பக்கத்துச் சின்னப் பட்டறைகளின் (லேத், மில்லிங், ஃபேப்ரிகேஷன், பட்டறைக்கு 5 முதல் 20 ஆள்) மூத்த முதலாளிகள் "உங்களோடு சேர்ந்து ஏதாவது செய்யலாம்" என்கிறார்கள். ஆனால் அவர்கள் மனசில் இருப்பது மரக்கன்று, பேனர், விழிப்புணர்வுப் பேரணி. எங்களுக்கு கரண்டோ கழிவோ நிஜமாகவே குறையணும். எதில் தொடங்கினால் அவர்களும் கூட வருவார்கள்? நாங்கள் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது? மணலி பக்கத்துப் பெரிய கம்பெனிகளிடம் சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) பணம் கேட்கலாமா?

யூனிட்_கணக்கு எழுதியது:

கம்ப்ரசரில் (டூல்களுக்குக் காற்றை அழுத்தித் தரும் மெஷின்) தொடங்குங்கள். செலவு ஒரு ஸ்டாப்வாட்ச், கொஞ்சம் சோப்புத் தண்ணி, ஒரு பெயின்ட் பிரஷ். அவ்வளவுதான்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் போங்கள். ஏர் எடுக்கிற எல்லா டூலையும் நிறுத்தணும், ஆனால் லைன் வால்வுகள் திறந்தே இருக்கணும். கம்ப்ரசர் முழுப் பிரஷருக்கு ஏறி கட்-ஆஃப் ஆகட்டும். யாருமே காற்று எடுக்காதபோது அது மறுபடி ஓடினால், அந்தக் காற்று எல்லாம் லீக்கில் போகிறது. ஓடுகிற நேரத்தையும் நிற்கிற நேரத்தையும் நாலைந்து சுற்றுக்குக் குறித்து சராசரி எடுங்கள். ஓடிய நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் லீக் சதவீதம். டேங்க் கொள்ளளவு தெரியவேண்டிய அவசியமே இல்லை. நடுவில் யாராவது ஏர் கன்னை எடுத்து மெஷினைத் துடைத்தால் கணக்கு கெட்டுவிடும், அந்தச் சுற்றை விட்டுவிடுங்கள்.

உதாரணத்துக்கு 10 ஹெச்.பி. (7.5 கிலோவாட்) கம்ப்ரசர், 2 நிமிடம் ஓடி 6 நிமிடம் நிற்கிறது என்றால் லீக் 25 சதவீதம். அதாவது கிட்டத்தட்ட 1.9 கிலோவாட். நாளுக்கு 10 மணி, வருஷத்துக்கு 300 நாள் என்றால் சுமார் 5,600 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 45,000 ரூபாய். முதலாளியிடம் சதவீதம் பேசாதீர்கள், இந்த ரூபாயைச் சொல்லுங்கள். எட்டு ரூபாய் என்பது என் தோராயம். அவருடைய ஈபி பில்லில் உள்ள ரேட்டையே போடுங்கள், அப்போதுதான் நம்புவார்.

லீக் அதிகம் இருக்கிற இடங்கள்: ஹோஸ் கப்ளிங், டிரெய்ன் காக், ஃபில்டர் ரெகுலேட்டர் கிண்ணம், ஏர் கன் டிரிக்கர், புஷ் ஃபிட்டிங். பி.யூ. டியூபை பிளேடால் சாய்வாக வெட்டிச் செருகியிருப்பார்கள், அதுவே பாதி லீக். நேராக வெட்டி மறுபடி செருகினால் போதும். லீக்கில் சாக்பீஸால் குறி வையுங்கள். லைனைப் பிரித்துச் சரிசெய்வது பட்டறை ஃபிட்டரின் வேலை. ஒரு மாதம் கழித்து திரும்ப அளந்து பாருங்கள், ஏனென்றால் லீக் திரும்ப வரும். 10 சதவீதத்துக்குள் வைத்திருந்தால் நல்ல பட்டறை.

அடுத்தது பிரஷர். 1 பார் குறைத்தால் கம்ப்ரசர் கரண்டில் 6, 7 சதவீதம் மிச்சம். ஆனால் நியூமேடிக் சக் (ஜாப்பை, அதாவது வேலைப்பொருளை, காற்றழுத்தத்தால் பிடிக்கும் பிடி) உள்ள மெஷினில் மேக்கர் சொன்ன பிரஷருக்குக் கீழே போகவே கூடாது. பிடி தளர்ந்து ஜாப் பறக்கும். இதை ஃபோர்மேனிடம் கேட்காமல் ரெகுலேட்டரில் கை வைக்காதீர்கள்.

பழைய_மைக்ரோமீட்டர் எழுதியது:

தம்பிகளா, மேலே சொன்னது சரி. முதலாளி பக்கத்து மனசையும் கொஞ்சம் பாருங்கள். நோட்டும் கேமராவுமாக நாலு பேர் உள்ளே வந்தால் முதலில் ஞாபகம் வருவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் ஈபி ஸ்குவாடும்தான். அதனால் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்: எடுக்கிற அளவு பட்டறைக்குச் சொந்தம், படம் எடுக்க மாட்டோம், வெளியே சொன்னால் பட்டறைப் பெயர் இல்லாமல்தான் சொல்வோம். இந்தத் தாள் இல்லாமல் ரெண்டாவது பட்டறைக் கதவு திறக்காது. சனிக்கிழமை சம்பள நாள், அன்று போகாதீர்கள்.

கம்ப்ரசருக்கு அடுத்தது கூலன்ட், அதாவது வெட்டும் இடத்தைக் குளிர்விக்கத் தண்ணீரில் கலந்து ஊற்றுகிற ஆயில். திங்கட்கிழமை காலையில் பட்டறைக்குள் அழுகின முட்டை நாத்தம் வருகிறதா? ஸ்லைடு ஆயில் (மெஷினின் நகரும் பாகங்களுக்குப் போடுவது) சொட்டிச் சொட்டி கூலன்ட் மேலே படலமாக மூடும். ஞாயிறு முழுக்க மெஷின் நிற்க, அடியில் காற்றுப் போகாமல் பாக்டீரியா பெருகும். உடனே மொத்தத்தையும் கொட்டிவிட்டுப் புதுசு ஊற்றுவார்கள். கொட்டத் தேவையில்லை: படலத்தைத் தினமும் அள்ளுங்கள், சின்ன அக்வேரியம் பம்ப்பை லீவு நாளில் ஓடவிடுங்கள், ரிஃப்ராக்டோமீட்டரில் (ஒரு சொட்டில் ஒளி விலகுவதை வைத்து அடர்த்தி காட்டும் கருவி) வாரம் ரெண்டு தடவை அடர்த்தி பாருங்கள். அதில் தெரிகிற எண்ணை கூலன்ட் கம்பெனி தரும் ஃபேக்டரால் பெருக்கணும். பலபேர் இதை மறந்துவிட்டு வருஷக்கணக்கில் தப்பாகக் கலப்பார்கள். சாதாரண டர்னிங்குக்கு 5 முதல் 8 சதவீதம் போதும்.

கலக்கும்போது தண்ணீர் முதலில், ஆயில் அப்புறம். மாற்றிச் செய்தால் திரிந்துபோகும். போர் தண்ணீரில் உப்பு ஏறியிருந்தாலும் திரியும், மெஷின் பெட்டும் துருப்பிடிக்கும். நம் பக்கத்தில் இதுதான் பெரிய தொல்லை. கலக்க மட்டுமாவது மெட்ரோ வாட்டர் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இதைப் பட்டறை முதலாளிகள் சங்கத்தோடு முன்கூட்டியே பேசுங்கள். ஆயுத பூஜைக்கு எல்லாப் பட்டறையும் ஒரே வாரத்தில் மெஷின் கழுவும், கூலன்ட் தொட்டி காலியாகும். அது மழைநீர் வடிகாலில் போனால் கேப்டன் காட்டன் கால்வாய், அங்கிருந்து பக்கிங்ஹாம் கால்வாய். அடுத்த சில வாரத்தில் வடகிழக்குப் பருவமழை. பத்துப் பட்டறை சேர்ந்து பேரலில் பிடித்து, அனுமதி பெற்ற நிறுவனத்தை ஒரே நாளில் வரவைத்தால் வண்டிச் செலவு பங்காகிவிடும். தனி ஒருத்தருக்காக அவர்கள் வரமாட்டார்கள். கழிவு ஆயிலையும் கூலன்டையும் ஒரே பேரலில் ஊற்றாதீர்கள். தண்ணீர் கலந்தால் ஆயிலுக்கு விலை கிடைக்காது. 2016 அபாயகரக் கழிவு விதிப்படி 90 நாளுக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. பேரலில் தேதி எழுதி ஒட்டுகிற வேலை உங்களுடையது.

ஷெட்யூல்_ஏழு எழுதியது:

சி.எஸ்.ஆர். பற்றி. கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 135. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஒன்றைத் தொட்டாலே முந்தின மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவழிக்கணும். ஆனால் பதிவில்லாத இளைஞர் குழுவுக்கு அதை நடத்தக் கொடுக்க முடியாது. 2021 ஏப்ரலிலிருந்து செயல்படுத்தும் அமைப்புக்கு சி.எஸ்.ஆர்.-1 (கம்பெனி விவகார அமைச்சகப் படிவம்) பதிவு கட்டாயம். பொதுவாக 12ஏ, 80ஜி (வருமான வரிச் சலுகைப் பதிவுகள்), மூன்று வருஷ அனுபவம் எல்லாம் கேட்பார்கள். புதுசாக டிரஸ்ட் தொடங்கி ஓடுவதைவிட, ஏற்கெனவே பதிவுள்ள அமைப்போடு சேருங்கள்.

அதைவிட, பணத்தையே கேட்காதீர்கள் என்பேன். அவர்களுடைய எனர்ஜி மேனேஜரை மாதம் ரெண்டு மணி நேரம் கேளுங்கள். பழைய கிளாம்ப் மீட்டர் (கம்பியைக் கவ்விக் கரண்ட் அளப்பது), அல்ட்ராசோனிக் லீக் டிடெக்டர் இரவல் கேளுங்கள். பேனர் பிடித்துப் படம் எடுக்கணும் என்று சொன்னால், முதலில் அளவு, அப்புறம் படம்.

பட்டறைக்காரர்களுக்கு நீங்கள் செய்யக்கூடிய இன்னொரு உதவி, ஜெட் (ZED: குறையில்லாத, சூழலைக் கெடுக்காத உற்பத்திக்கானது) சான்றிதழ் விண்ணப்பம். 2022-இல் வந்த எம்.எஸ்.எம்.இ. திட்டம், உத்யம் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) பதிவு இருந்தால் போதும், மைக்ரோ யூனிட்டுக்குக் கட்டணத்தில் 80 சதவீதம் மானியம். போர்ட்டலில் படம், ஆவணம் ஏற்றுவதுதான் அவர்களுக்கு மலை. உங்களுக்கு அது ஒரு சாயங்கால வேலை.

காட்டன்_கால்வாய்_கரை:

நன்றி அண்ணா, சார். ஒரு சந்தேகம்: எங்களில் நாலு பேர் பாலிடெக்னிக் முதல் வருஷம், 16 வயசு. அவர்களை உள்ளே கூட்டிப்போகலாமா? கரண்ட் அளக்க பேனலை நாங்களே திறக்கலாமா?

பழைய_மைக்ரோமீட்டர்:

பதினெட்டு ஆகாதவர்கள் ஷாப் ஃப்ளோரில் வேண்டாம், தம்பி. பில் கணக்கு, ஜெட் போர்ட்டல், பேரல் பதிவேடு எல்லாம் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து செய்யட்டும். பேனலைத் திறப்பது லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் மட்டும். கிளாம்ப் மீட்டரையும் அவரே மாட்டட்டும், எண்ணை நீங்கள் எழுதுங்கள். உள்ளே வருகிறவர்கள் ஷூ, கண்ணாடி போடணும். மோதிரம், கயிறு, துப்பட்டா, தொங்குகிற ஐ.டி. கார்டு எல்லாம் கழற்றி வைக்கணும். சுழலுகிற மெஷின் பக்கம் கையுறை கூடாது, கையோடு சேர்த்து இழுத்துவிடும்.