பிலிமில் பழகாமல் தொழிலுக்கு வந்தது குறையா?

கேள்வி: வெள்ளவத்தை உதவியாளன்

திருமணப் படம் எடுக்கும் ஒருவரிடம் ஓராண்டாக உதவியாளனாக இருக்கிறேன். ஒரு திருமணத்துக்கு 2000 படங்களுக்குக் குறையாமல் எடுக்கிறேன். அவற்றில் 400 படங்களைப் பொறுக்கி எடுப்பதற்குள் மூன்று இரவுகள் போய்விடுகின்றன. பிலிமில் பழகியிருந்தால் இந்தத் தொல்லை இராது என்கிறார் என் ஆசிரியர். இன்றைய விலையில் அதில் பழகுவதால் உண்மையில் பயன் உண்டா?

மறுமொழி: பழைய இருட்டறை

தம்பி, ஒரு சுருளில் 36 படங்கள்தாம். தாலி கட்டும் நேரம் நெருங்கும்போது ஐந்தோ ஆறோ மிஞ்சியிருந்தால், அவற்றை வீணாக்கியாவது புதிய சுருளை மாற்றிவிடுவோம். ஒருமுறை அப்படி அவசரத்தில் மாற்றியபோது சுருளின் நுனி பற்சக்கரத்தில் பிடிக்கவில்லை. இடப்பக்கத்துத் திருகு சுழல்கிறதா என்று பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். பார்க்காததால், கெட்டிமேளம் முழுவதும் ஒன்றும் பதியாத கமராவை அழுத்திக்கொண்டிருந்தேன். கறுப்பு வெள்ளைச் சுருள்களை நாங்களே கழுவினோம். படத்தைத் துலக்கும் டி-76 என்ற கரைசலை 20 பாகை செல்சியஸில் வைத்திருக்க வேண்டும். கொழும்பின் குழாய்த் தண்ணீரோ அதைவிட எவ்வளவோ சூடு. ஐஸ் போட்ட பேசினுக்குள் போத்தலை இறக்கிவிட்டு, வெப்பமானியைப் பார்த்தபடி காத்திருப்போம். பொறுமை அங்கேதான் வந்தது.

மறுமொழி: கொட்டாஞ்சேனை

ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால், அன்று பிழை தெரியவரச் சில நாட்களாவது ஆகும். லென்ஸின் எந்தத் துவார அளவில், எந்த ஷட்டர் வேகத்தில் எடுத்தோம் என்பதைக் கொப்பியில் குறித்து வைத்தவர்களே அதிலிருந்து கற்றார்கள். இன்று அந்த விபரம் படத்தோடேயே பதிகிறது. படத்தை மாற்றியமைக்கும் கைவேலை டிஜிட்டலில்தான், பிலிமில் இல்லை என்று சிலர் சொல்வதும் சரியல்ல; இலங்கைப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் 1930களிலேயே இருட்டறையில் வெவ்வேறு நெகட்டிவ்களை இணைத்துப் படம் செய்தவர். இன்னொன்று: கலர் நெகட்டிவில் ஒளி சற்றுக் கூடினாலும் தாங்கும் என்பதால், கொஞ்சம் கூட்டியே வைக்கும் பழக்கம் எங்களுக்கு இருந்தது. அதே பழக்கத்தோடு டிஜிட்டலுக்கு வந்தபோது, மாப்பிள்ளையின் பட்டுவேட்டி மடிப்பே தெரியாத வெள்ளைத் திட்டாகிவிட்டது; அதை எந்த மென்பொருளாலும் மீட்க முடியவில்லை. ஆகவே, பிலிம் வாங்குவதைவிட எண்ணிக்கையைக் கட்டுப்படுத்திப் பாருங்கள்.

மறுமொழி: வெள்ளவத்தை உதவியாளன்

நன்றி. வருகிற பொன்னுருக்கலில் கமராவின் திரையைக் கடதாசியால் மூடிவிட்டு, 36 படங்களோடு நிறுத்திப் பார்க்கிறேன். ஆசிரியரின் கமரா எப்படியும் பக்கத்தில் இருக்கும் என்ற துணிவுதான்.