விகுதியை வைத்தே குடும்பப் பெயர் எந்த மொழி என்று சொல்லிவிடலாமா?

வேர்தேடி:
குடும்பப் பெயர்களை மொழிவாரியாகப் பிரிக்க, கடைசி அசையைப் பார்ப்பது போதுமா? '-சன்', '-எஸ்', '-ஓவ்' எல்லாம் சுலபமாக அடங்கிவிடுகின்றன. லீ, பார்க், கில் மாதிரிப் பெயர்களை எதில் சேர்ப்பது?

நாணல்:
தந்தை பெயரிலிருந்து பிறந்தவற்றுக்கு விகுதியை நம்பலாம். பெர்னாண்டோவின் மகன் பெர்னாண்டெஸ், கொன்சாலோவின் மகன் கொன்சாலெஸ். ஆனால் ரோமன் எழுத்தைப் பாருங்கள்: இசட்டில் முடிந்தால் ஸ்பானியம், எஸ்ஸில் முடிந்தால் பெரும்பாலும் போர்ச்சுகீசு. தமிழில் எழுதிய கையோடு இந்த வேறுபாடு மறைந்துவிடும். ஜார்ஜிய மொழியில் '-ஷ்விலி' என்றால் பிள்ளை, '-ட்ஸே' என்றால் மகன். அயர்லாந்தில் அடையாளம் முன்னால் வரும்: 'மக்' மகன், 'ஓ' பேரன் அல்லது வழித்தோன்றல். எம்-ஏ-சி என்று எழுதினால் ஸ்காட்லாந்து, எம்-சி என்றால் அயர்லாந்து என்பது வெறும் கட்டுக்கதை. பின்னது முன்னதன் சுருக்கம், அவ்வளவுதான்.

இரண்டு இடங்களில் கணக்கு தப்பும். ரஷ்ய மொழியில் இவானோவ், இவானோவா இரண்டும் ஒரே பெயர், பின்னது பெண்பால். தனித்தனியாக எண்ணாதீர்கள். ஐஸ்லாந்தின் '-சன்', '-டோட்டிர்' பெரும்பாலும் குடும்பப் பெயரே இல்லை. தந்தை (சில சமயம் தாய்) பெயரோடு மகன், மகள் என்று ஒட்டுவது. அண்ணனுக்கும் தங்கைக்கும் கடைசிப் பெயர் வேறாக இருக்கும்.

மூலஎழுத்து:
லீ, பார்க், கில் மூன்றும் விகுதியால் தீராது; மூல எழுத்து வேண்டும். ஆங்கில 'லீ' காட்டின் நடுவே திருத்திய வெளி, புல்வெளி. சீன 'லீ' பிளம் மரத்தைக் குறிக்கும் எழுத்து. கொரியாவிலும் அதே எழுத்துதான், அங்கே ஒலிப்பு 'ஈ'. கொரிய 'பார்க்' உண்மையில் 'பாக்'; நடுவிலுள்ள ரகரம் ஆங்கில எழுத்துக்கூட்டலில் நெடிலைக் காட்டச் சேர்த்தது, பூங்காவோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கில் ஆங்கிலத்தில் ஓடை ஓடும் பள்ளத்தாக்கிலிருந்து வந்திருக்கலாம்; பஞ்சாபியில் அது குலப்பெயர்.

தலைகீழான சிக்கலும் உண்டு. சீன மொழி வகைகளான மாண்டரினில் சென், கான்டனீஸில் சான், ஹொக்கியனில் டான்; வியட்நாமியத்தில் ட்ரான்: நான்கும் ஒரே சீன எழுத்து. ஆகவே பட்டியலில் மூல எழுத்துக்கு ஒரு பத்தி, ரோமன் வடிவத்துக்கு ஒரு பத்தி, பதிவான ஊருக்கு ஒரு பத்தி என்று தனித்தனியாக வையுங்கள்.

வேர்தேடி:
பொருளை அகராதியில் பார்த்து எழுதினால் போதாதா? கொல்லன் என்ற பொருளில் ஆங்கில ஸ்மித், ஜெர்மன் ஷ்மிட், ஹங்கேரிய கோவாச், அரபு ஹத்தாத், ரஷ்ய குஸ்நெட்சோவ் எல்லாம் சரியாகவே பொருந்துகின்றனவே.

நாணல்:
தொழிற்பெயர்களில் பொருந்தும். மற்றவற்றில் கவிழ்த்துவிடும். 'நாக்ட்கெபோரன்' என்ற டச்சுப் பெயருக்கு அகராதிப் பொருள் 'நிர்வாணமாகப் பிறந்தவர்'. 1811இல் நெப்போலியன் பெயர்ப் பதிவைக் கட்டாயமாக்கியபோது கேலிக்காகக் கொடுத்த பெயர் என்று கதை கட்டுவார்கள். தந்தை இறந்த பிறகு பிறந்தவரைக் குறிக்கும் ஜெர்மன் சொல் திரிந்ததுதான் அது. இன்றைய வடிவத்தை விட்டுவிட்டு, கிடைப்பதிலேயே பழைய பதிவில் எப்படி எழுதியிருக்கிறது என்று பார்த்து அங்கிருந்து பொருள் தேடுங்கள்.